அக்கா பேரில் ஒரு கல்

டாக்டர் பக்ஷி போன வார அத்தியாயத்தின் கடைசியில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாரே ஒரு கேள்வி, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

“இந்தப் பொண்ணுக்கு எப்பவாவது கிட்னியில கல்லு வந்திருக்கா?”

அறையில் டாக்டரம்மாவைத் தவிர நாலு பேர். அதில் மூன்று பேருக்குப் பதில் தெரியும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடாமல் இருக்க, ஒருத்தர் மின்விசிறியையும், ஒருத்தி செருப்பையும், ஒருத்தி சுவரில் தொங்கிய பல்வரிசைப் படத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மின்விசிறியைப் பார்த்தவர் அழகர்சாமி. அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். அதிலும் மற்ற ஊழியர்கள் செய்கிற தப்பைத் தோண்டி எடுத்து மெமோ எழுதும் விஜிலென்ஸ் பிரிவு. செருப்பைப் பார்த்தவள் அவர் மனைவி தமிழ்செல்வி. பல்வரிசைப் படத்தைப் பார்த்தவள்தான் நோயாளி, தமிழ்செல்வியின் தங்கை மதுமதி. அக்கா பிரசவத்துக்கு உதவிக்கென்று மேலூரிலிருந்து டெல்லிக்கு ரயிலேறியவள். குழந்தை அனன்யா இப்போது நாலாம் வகுப்பு. சித்தி நொய்டாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு அக்காவின் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டாள்.

ஆறு மாதம் முன்பு அவளுக்குக் கீழ்க்கடைவாயில் ஒரு பல் ஆடியது. பிடுங்கினார்கள். பல் போன இடத்தில் சதை வளர்ந்தது. இடது கன்னம் வெற்றிலைப் பாக்கை அடக்கிக்கொண்ட மாதிரி புடைத்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், கரையான் புகுந்த நிலைக்கதவு மாதிரி தாடையெலும்பு வெளியே முழுசாகவும் உள்ளே கூடாகவும் இருந்தது. ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ‘ஜெயன்ட் செல்’ என்று பதில் வந்தது. கேன்சர் இல்லை, ஆனால் எலும்பை அரிக்கிற ராட்சத செல்கள். நாளைக் காலை ஆபரேஷன். அந்தத் தேதியை வாங்க அழகர்சாமி யார் யார் வாசலில் நின்றார் என்பதை இரண்டு வாரமாகப் படித்துவருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“நோ மேடம்,” என்றார் அழகர்சாமி. “நத்திங். ரொம்ப ஹெல்தி கேர்ள்.”

டாக்டர் பக்ஷி நிம்மதியாகப் பேனாவை இறக்கினார். அந்த அம்மாளின் இந்தியிலும் இங்கிலீஷிலும் கலந்து வந்ததன் சாரம் இது: கழுத்தில், தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், அரிசி மணி அளவில் நாலு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று கெட்டுப்போனால் எலும்பிலிருக்கும் கால்சியத்தைத் திருடி ரத்தத்தில் கொட்டும். ரத்தத்தில் கூடினது சிறுநீரகத்தில் கல்லாகும். எலும்பில் குறைந்த இடத்தில் இதே மாதிரி கட்டி வளரும். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பிரித்துச் சொல்ல முடியாது.

“அந்த மாதிரிக் கட்டியா இருந்தா தாடையில நான் கத்தியே வைக்க வேண்டாம். கழுத்துல கெட்ட சுரப்பிய எடுத்தா இது தானா வத்திப்போகும். இவளுக்குக் கால்சியம் மேல் எல்லையில நிக்குது. வைட்டமின் டி குறைச்சலா இருந்தா, கூடின கால்சியமும் டெஸ்ட்ல கொஞ்சம் ஒளிஞ்சுக்கும். ஹார்மோன் டெஸ்ட் பண்ண இங்க கிட் தீர்ந்துபோச்சு. அதான் கேட்டேன். கல்லு இல்லேன்னா சரி.”

விலை என்னவென்று கேட்பதற்கு முன்பே சரக்கை விற்றுவிட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அப்போது அழகர்சாமியைப் பார்த்திருக்க வேண்டும்.

“வீட்டுல வேற யாருக்காவது? சில குடும்பத்துல இது எல்லாருக்கும் வரும். அம்மா, அப்பா, அக்கா... யாருக்காவது பத்தரி?”

பத்தரி என்றால் இந்தியில் கல். அந்த வார்த்தை, அறையில் இருந்த நாலாவது ஆளுக்கும் நன்றாகத் தெரியும். கஞ்சி ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்ற, குவார்ட்டர்ஸில் தெரிந்தவளான சந்திரம்மாள், பதில் தெரிந்த மாணவி மாதிரிக் கையைத் தூக்கினாள்.

“ஹாங் டாக்டர் சாப்! இஸ்கி தீதி கோ தா! ஏன் தமிழு, சொல்லேன், உனக்கு வந்துச்சில்ல? நான்கூட ஐ.என்.ஏ. மார்க்கெட்ல தேடித் தேடி வாழைத்தண்டு வாங்கிக் குடுத்தேனே!”

தமிழ்செல்வி செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்குக் கல் வரவே இல்லை. மூன்று தீபாவளிக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டவள் மதுமதி. அரசாங்க மருத்துவ அட்டையில் மனைவிக்கு இடம் உண்டு, மகளுக்கு உண்டு, மனைவியின் தங்கைக்கு இல்லை. “ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைதானே, போங்க,” என்று மனைவியின் அட்டையை எடுத்துக் கொடுத்தது சாட்சாத் அழகர்சாமி. முப்பது வயது மதுமதி அன்று தமிழ்செல்வியாகப் படுத்து, தமிழ்செல்வியாகக் கல்லை உடைத்துக்கொண்டு, தமிழ்செல்வியாக வீடு திரும்பினாள்.

அதன்பிறகு அந்தக் கல்லை வளர்த்தவள் தமிழ்செல்விதான். டிஸ்பென்சரிக்குத் தலைவலி என்று போனாலும் டாக்டர், “பத்தரி எப்படி இருக்கு? டமாட்டர் பந்த், பானி ஜாஸ்தி,” என்று தக்காளியை நிறுத்தி நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். மாதாமாதம் ஒரு பாட்டில் மருந்து கொடுப்பார். வாங்கிவந்து கழுவுதொட்டியில் ஊற்றுவாள். சந்திரம்மாள் வீட்டில் தக்காளிச் சட்னி வைத்தால், “அய்யோ, எனக்கு ஆகாதுக்கா,” என்று தட்டைத் தள்ளுவாள். வாழைத்தண்டைச் சந்திரம்மாள் எதிரிலேயே உட்கார்ந்து சாறாகக் குடித்தாள், ஒரு வாரம்.

“அச்சா,” டாக்டர் பக்ஷியின் புருவம் ஏறியது. “அக்காவுக்கா? அப்ப உங்க ரத்தத்தையும் பாத்துருவோம். ஜல்தி போங்க, மத்தியானத்துக்குள்ள ரிசல்ட் வந்துரும்.”

---

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள் தமிழ்செல்வி. அழகர்சாமி தாழ்வாரத்தின் கோடியில், குடிநீர்க் குழாய்க்கும் தீயணைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நின்றிருந்தார்.

“என்னங்க, சொல்லிருவோம்ங்க.”

“என்னத்தச் சொல்ல? பொண்டாட்டி கார்டுல கொழுந்தியாளப் படுக்க வச்சேன்னா?”

“ஊர்ல வந்துச்சு, மதுரையிலயே பாத்தோம்னு சொல்லலாம்ல.”

“இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்! அந்தம்மா என்ன மண்ணா? சரி, நம்புறாகன்னே வையி. பழைய ஸ்கேனக் கொண்டா, பழைய கால்சியம் எவ்வளவுன்னு காட்டு, அப்பத்தான் தேதியத் தள்ளுவேன்னு சொன்னா? எதக் கொண்டாருவ? எல்லாத்துலயும் உம் பேருல்ல இருக்கு.”

குரலைத் தணித்தார்.

“ஜெயபாலு என்ன பண்ணினான்? இதத்தான் பண்ணினான். மச்சினனுக்குக் குடலிறக்கம்னு கார்டக் குடுத்தான். சஸ்பெண்ட் ஆகி வீட்டுல உக்காந்திருக்கான். அவனுக்கு மெமோ எழுதினது யாரு? நானு. ‘நேர்மைக்கு முற்றிலும் முரணான செயல்’னு இந்தக் கையால எழுதினேன்டி.”

ஜெயபாலின் மனைவிதான் சந்திரம்மாள். அடுத்த பிளாக். மெமோவை எழுதியது யார் கை என்று அவளுக்குத் தெரியாது. விஜிலென்ஸில் இருக்கிற அழகர்சாமி அண்ணன் மனசு வைத்தால் நல்லது நடக்கும் என்பது மட்டும் தெரியும். அதனால்தான் மெல்ல முடியாத மதுமதிக்குத் தினம் கஞ்சி வருகிறது.

“இப்ப விட்டா அடுத்த தேதி எப்பக் கெடைக்கும்னு கடவுளுக்கே தெரியாது. அதுக்குள்ள எலும்பு முறிஞ்சு போச்சுன்னா? எப்படியும் கட்டிய எடுக்கத்தானே வேணும்? எடுக்கட்டும்.”

தமிழ்செல்வி பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வார்டுப் பக்கம் திரும்பினாள். அவர் சொன்னதில் பாதி சரி. முழுப் பொய்யாக இருந்தால் எதிர்த்து நிற்கலாம். பாதி சரியாக இருக்கிற பேச்சுக்கு நடுவில் மாட்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது.

வார்டில் மதுமதி கட்டிலில் சுவரோரம் ஒட்டிப் படுத்திருந்தாள். பல்லுக்குப் பல் விலகாமல் பேச வேண்டியிருந்ததால் வார்த்தைகள் கதவிடுக்கில் வருகிற மாதிரி வந்தன.

“அக்கா. நீ எதுவும் சொல்லாத.”

“நான் என்ன சொல்லப் போறேன்?”

“தெரியும். உம் மூஞ்சி. அன்னிக்கி மாமா கார்டு குடுக்கலேன்னா... இன்னிக்கி அவருக்கு இந்தப் பயமே வந்திருக்காது. எனக்காகத்தான.”

“பேசாதடி, வலிக்கும்.”

“அவருக்கு வேல போனா அந்த வீடும் போயிரும். அனன்யாவ எங்க கொண்டு போவ?” கொஞ்சம் நிறுத்தினாள். “எலும்ப எடுத்தா... கன்னம் உள்ள போயிருமாக்கா?”

“கால்லேருந்து எலும்பெடுத்து வச்சுருவாக. சரியாயிரும்.”

“கடிச்சுத் திங்க முடியுமா?”

தமிழ்செல்வி போர்வையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் செய்தாள்.

இரண்டு வருஷமாக மதுமதிக்குக் கால் வலி, முதுகு வலி, எதையோ வைத்த இடம் மறதி, காரணமில்லாத அழுகை. வேலையிலிருந்து வந்தால் படுத்துவிடுவாள். “பாத்திரம் தேய்க்கணும்னா உடனே மேலுக்கு வலிச்சுருமே உனக்கு,” என்று தமிழ்செல்வியே எத்தனை முறை குத்தியிருக்கிறாள்! எலும்பிலிருந்து திருடு போனால் உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? டாக்டர் சொன்ன திருட்டுச் சுரப்பி அவள் கண்முன் அரிசி மணியாக உருண்டது.

கன்னம் சுருங்காமல், கால் எலும்பை வெட்டாமல், கழுத்தில் சின்னதாய் ஒரு கீறலோடு இவள் எழுந்து நடக்க வழி இருக்கலாம். அந்த வழிக்கு முன்னால் தான் ஒருத்தி, தக்காளி சாப்பிடாமல், மூன்று வருஷமாய்க் குறுக்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

‘என் ரத்தத்தில் ஏதாவது தப்பாக வரட்டும்,’ என்று வேண்டிக்கொண்டாள். தனக்கு நோய் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தனக்குக் கால்சியம் ஏறியிருந்தால் டாக்டர் சந்தேகப்படுவார், மதுவின் ஆபரேஷனை அவராகவே நிறுத்துவார். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

---

மத்தியானம் ரிசல்ட் வந்தது. தமிழ்செல்வியின் ரத்தம் குற்றம் குறை சொல்ல முடியாத ரத்தம்.

“வாழ்த்துகள்!” டாக்டர் பக்ஷி வார்டுக்கே வந்துவிட்டார். “கல்லு வந்த அக்காவுக்கே கால்சியம் அழகா இருக்கு. அப்ப குடும்பத்துல ஓடற சமாசாரம் இல்ல. தங்கைக்குக் கல்லே வந்ததில்ல. என் சந்தேகம் தீர்ந்துச்சு. நாளைக்குக் காலையில முதல் கேஸ் இவதான்.”

அழகர்சாமி கைகூப்பினார். கூப்பிய கையைப் பிரிக்க மறந்துபோனார்.

தமிழ்செல்விக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இதுவரை அவர்கள் உண்மையை மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பொய் கிளம்பிப்போய், ரத்தம் கொடுத்து, சாட்சி சொல்லி, தீர்ப்பும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. அவளுடைய நல்ல ரத்தத்தைக் காட்டித்தான் தங்கையின் தாடையை அறுக்கப் போகிறார்கள்.

டாக்டர் ஒரு ஊதா நிற மார்க்கரை எடுத்து மதுமதியின் முகத்தைத் திருப்பினார்.

“இங்கேருந்து...” காதுக்குக் கீழே ஒரு புள்ளி. “இது வரைக்கும்.” முகவாய்க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தார். தையற்காரர் துணியில் போடுவது மாதிரி ஒரே இழுப்பு, கை நடுங்காத இழுப்பு. மதுமதி கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து வழிந்தது கோட்டின் மேல் ஓடி ஊதாவைக் கொஞ்சம் கலைத்தது.

“ரோனா நஹி, அழக் கூடாது பேட்டா,” டாக்டர் பஞ்சால் ஒற்றினார்.

“டாக்டர் சாப்.”

தமிழ்செல்வியின் இந்தி, காய்கறி வண்டிக்காரரிடம் கொத்தமல்லியை இலவசமாக வாங்குவதற்காகக் கற்றுக்கொண்ட இந்தி. அதில் பெண்பால் ஆண்பால் எல்லாம் ஒரே பாயில் படுக்கும்.

“வோ பத்தரி மேரா நஹி. இஸ்கா தா.”

டாக்டர் மார்க்கரை மூடிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “க்யா?”

“அந்தக் கல்லு என்னுது இல்ல. இவளோடது. என் பேருல, என் கார்டுல இவதான் படுத்தா. எனக்குக் கல்லு வந்ததே இல்ல. தக்காளி எனக்கு நல்லா ஒத்துக்கும்.”

கடைசி வாக்கியம் தமிழில் வந்துவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை, பாதகமில்லை.

“மேடம், ஷி ஈஸ் டென்ஸ்,” அழகர்சாமி முன்னால் வந்தார். “தங்கச்சி ஆபரேஷன்னு பயந்துபோய் என்னென்னவோ...”

“இந்தப் பொண்ணு சொல்லட்டும்.” டாக்டர் மதுமதியின் பக்கம் குனிந்தார். “பேட்டா, சச் போலோ, உண்மையச் சொல்லு. யாருக்குக் கல்லு?”

மதுமதி மாமாவைப் பார்த்தாள். ஊதாக் கோடு போட்ட முகத்தோடு, உத்தரவு கேட்கிற மாதிரி பார்த்தாள். அவர் தலையாட்டினால் ‘எனக்கில்லை’ என்று சொல்லிவிட்டு நாளைக்குப் படுத்துவிடுவாள். அந்தப் பார்வையில் துளி வருத்தம்கூட இல்லை. அதுதான் அவரைத் தின்றது.

அழகர்சாமி சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பச் செருகினார்.

“கார்டு என்னோடது, மேடம்,” என்றார். “எடுத்துக் குடுத்ததும் நான்தான். கல்லு இவளுக்குத்தான் வந்தது. கிட்னியில ரெண்டு பக்கமும்.”

டாக்டர் பக்ஷி மார்க்கரைக் கட்டிலில் போட்டார். பிறகு பேசினது, ஒரு ஆஸ்பத்திரி வார்டில் பேசக்கூடிய அளவைவிடச் சத்தமாக இருந்தது.

“ரெண்டு பக்கமும்! நான் இவளோட பாதித் தாடைய வெட்டி எடுத்திருப்பேன். எடுத்த பிறகும் வேற எலும்புல இதே கட்டி திரும்ப வந்திருக்கும். அது தெரியுமா உங்களுக்கு? கார்டுல யார் பேரு இருந்தா எனக்கு என்ன? நான் போலீஸா?”

போனை எடுத்து ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசினார். நாளைய பட்டியலின் முதல் பெயர் அடிக்கப்பட்டது. மதுமதியின் கையிலிருந்து இரண்டு குப்பி ரத்தம் வெளி லேப்புக்குப் போனது. கழுத்துக்கு ஸ்கேன் எழுதினார்.

“ரிசல்ட் வர நாளாகும். அதுக்கு முன்னால நான் சத்தியம் பண்ண மாட்டேன். சுரப்பிதான் காரணம்னா இவளுக்கு அதிர்ஷ்டம். இல்லேன்னா...” வாசல் வரை போனவர் திரும்பினார். “இல்லேன்னா தேதி போனது போனதுதான். புதுத் தேதி வர வரைக்கும் அந்த எலும்பு தாங்கணும். கொட்டாவி விடும்போதுகூடக் கையால தாங்கிப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.”

டாக்டர் போனார். தமிழ்செல்வி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். முந்தானையை நனைத்து ஊதாக் கோட்டைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

“ஏன்க்கா?” என்றாள் மதுமதி.

“வாய மூடு. எலும்பு முறிஞ்சுரும்.”

அதன்பிறகுதான் மூவருமே வாசல் பக்கம் பார்த்தார்கள். சந்திரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. டாக்டர் போட்ட சத்தம் அடுத்த வார்டுக்கே கேட்டிருக்கும்.

அவள் உள்ளே வந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றினாள்.

“நாளைக்கு ஆப்பரேசன் இல்லதானே? அப்ப இவ வயிறு ரொம்பக் குடிக்கலாம்.”

ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். வாய் ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். டம்ளர் காலியாயிற்று. அழகர்சாமி ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டத்தில் எதையோ தேடினார்.

“எங்க தம்பிக்கும் குடலிறக்கத்துல வலி தாங்கலதான்,” என்றாள் கடைசியில், டம்ளரைப் பார்த்தபடி. “உருண்டான்.”

“சந்திராக்கா...”

“வாழைத்தண்டு உனக்குப் பிடிக்காதுன்னு சொல்லியிருக்கலாமே தமிழு. மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சியே.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். எழுந்து புடவையை உதறினாள். “நான் வரேன். எங்க வீட்டுக்காரரு மெமோவுக்குப் பதில் எழுதணும், நாளைக்குக் கடைசி நாளு. என்னத்த எழுதறதுன்னு தெரியாம காலையிலேருந்து பேனாவ வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு.”

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் அவசரமில்லாமல் போயிற்று.

அவளை நிறுத்துவதற்காக அழகர்சாமி வாயைத் திறந்தார். என்ன சொல்லி நிறுத்துவது என்று யோசித்து முடிப்பதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.